வசவு வாசிக்கும் மாப்பிள்ளை

வாயில் பிரஷ் இருக்கும்போதே போனில் வந்த முதல் வசவைப் படித்து முடித்துவிடுவார் என் மாப்பிள்ளை. நுரை வழியும். அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, குளியலறை வாசலில் நின்றபடியே அடுத்ததைப் படிப்பார். ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிப்பார்களே, அந்தக் குரல். அதில் கோபமும் இருக்காது, அழுகையும் இருக்காது. "குப்பை. சும்மா கொடுத்தாலும் வேணாம்." இது ஒருவர். "இதைச் செஞ்சவன் கைய உடைக்கணும்." இது இன்னொருவர். படித்துவிட்டு வாய் கொப்பளிக்கப் போவார்.

பாராட்டு வந்தால் சத்தமாகப் படிக்க மாட்டார். உதடு அசையும், அவ்வளவுதான். வசவு என்றால் இரண்டு தடவை. எனக்கு எழுத்து தெரியாது, அதனால் எனக்காகத்தான் படிக்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் காய் வாங்கப் போய்விட்டுத் திரும்பிவந்தால், ஆளில்லாத வீட்டில் சுவரைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

அவர் தொழில் வீடியோ கேம் செய்வது. ஆடுவது இல்லை, செய்வது. கல்யாணத்தின்போது பாங்கு ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை என்றுதான் சொன்னார்கள். அது உண்மைதான். கல்யாணமான மறு வருடம் அதை விட்டுவிட்டு, படம் வரைகிற ஒரு பெண்ணையும் சத்தம் சேர்க்கிற ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு டயர் கடை மாடியில் அறை பிடித்தார். அங்கே வாடகை கட்டுப்படியாகவில்லை. நாற்காலி, கம்ப்யூட்டர், பாம்புக்குட்டிகள் மாதிரி சுருண்ட வயர்கள் எல்லாம் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்தன. என் கட்டில் கூடத்துக்கு வந்தது. அதனால்தான் இத்தனையும் எனக்குத் தெரியும். படுத்துக்கொண்டே பார்க்கலாம்.

சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரி சட்டைகள் வைத்திருக்கிறார். எதைப் போட்டிருக்கிறார், எதைத் துவைக்கப் போட்டார் என்று அவருக்கே தெரியாது. நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். சாப்பிடும்போது கட்டைவிரல் தட்டின் விளிம்பில் தாளம் போடும். கேட்டால், "அவ ஓடற வேகத்தைப் பாக்கறேன் அத்தை" என்பார்.

அவள் என்றால் அந்த விளையாட்டில் வருகிற பெண். சவக்குழி வெட்டுவது அவள் வேலை. கையில் மண்வெட்டி. செத்துப்போன தம்பியை மீட்டுக்கொண்டு வர, பூமிக்கு அடியில் இருக்கும் ஓர் ஊருக்குப் போகிறாள். போகிற வழியில் ஒரு பாலம். பாலத்தில் மூன்று வாய் உள்ள ஒரு பூதம். மண்வெட்டியால் அதை என்ன அடித்தாலும் சாகாது. அது மூச்சை உள்ளே இழுக்கிற அந்த நொடியில் குதித்துத் தொண்டையில் போடவேண்டும். முந்தினாலும் விழுங்கும், பிந்தினாலும் விழுங்கும்.

"ஏன் மாப்பிள்ளை, செத்தவனைத் தேடிப் போறதுக்கு இவளுக்கு வேற வேலை இல்லையா? நானும் ஒருத்தரை அனுப்பி வச்சிட்டுத்தான் உக்காந்திருக்கேன். தேடியா போனேன்?" என்று ஒருநாள் கேட்டேன்.

சிரித்தார். அவர் சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. "மாமா திரும்பி வந்துட்டா என்ன பண்ணுவீங்க அத்தை?"

"முதல்ல என் கட்டில் எங்கன்னு கேப்பாரு. உங்களைத்தான் கை காட்டணும்."

அந்த விளையாட்டு வெளியே வந்தபிறகு குழந்தை என்று புருஷனும் பெண்டாட்டியும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். பேரப்பிள்ளை கேட்ட எனக்கு மூன்று வாய் பூதம் கிடைத்தது. இந்த வரி வேண்டாம் என்கிறாள், நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கும் மகள். எழுதுடி என்றேன். எழுதிவிட்டாள்.

பூதத்தின் மூச்சு என்னுடையது. பொய் இல்லை. மத்தியானம் நான் தூங்கும்போது அந்தச் சத்தக்காரர் தலைமாட்டில் மைக்கை வைத்து என் குறட்டையைப் பிடித்துவிட்டார். பிடித்தபிறகுதான் அனுமதி கேட்டார்கள். "கொஞ்சம் இழுத்து, கனமாக்கிட்டோம்மா. உங்களோடதுன்னு யாருக்கும் தெரியாது" என்றார் சத்தக்காரர். போட்டுக் காட்டினார். என் வீட்டுக்காரர் இத்தனை வருஷம் பக்கத்தில் எப்படிப் படுத்திருந்தார் என்று அன்றுதான் யோசித்தேன்.

செய்த கேமை அவ்வப்போது யாரையாவது ஆடவிட்டுப் பார்ப்பார். தண்ணீர் கேன் போட வந்தவர், மாடி வீட்டு டீச்சர், லீவில் வந்த அவர் தம்பி, என் மகள், யாரையும் விட்டதில்லை. நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் நின்றுகொள்வார். அவர்கள் ஆடுவதெல்லாம் படமும் சத்தமுமாகக் கம்ப்யூட்டரில் பதிவாகும். எல்லாரும் பாலத்தில் கொஞ்சம் தடுமாறுவார்கள், விழுவார்கள், பிறகு தாண்டிவிடுவார்கள். தண்ணீர் கேன்காரர் தாண்டியபோது எழுந்து நின்று கத்தினார். மாப்பிள்ளை முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும். "பாத்தீங்களா அத்தை, கஷ்டம்தான். ஆனா நியாயமான கஷ்டம்."

போன மாதம் டெமோ விட்டார்கள். டெமோ என்றால் வேறொன்றுமில்லை, ஜவுளிக்கடையில் துணியின் ஓரத்தைக் கசக்கிப் பார்க்க விடுகிற மாதிரி, கேமின் முதல் கொஞ்சத்தைச் சும்மா ஆடிப்பார்க்கக் கொடுப்பது. எந்த ஊரிலிருந்தும் யாரும் ஆடலாம். ஆடியவர்கள் நல்லது கெட்டது எழுதலாம். பணம் போடுகிற கம்பெனி ஒன்று இருக்கிறது. ஆடியவர்கள் என்ன சொல்கிறார்கள், பாலத்தைத் தாண்டி எத்தனை பேர் போகிறார்கள் என்று பார்த்துத்தான் மேற்கொண்டு செய்யலாமா, இழுத்து மூடலாமா என்று அந்தக் கம்பெனி முடிவு செய்யும். மாப்பிள்ளை பாங்கு வேலையை விட்டது, என் கட்டில் கூடத்துக்கு வந்தது, எல்லாம் அந்தப் பாலத்தில் நின்றது.

முதல் நாள் மத்தியானம் வரை நல்ல பேச்சு. பிறகு ஆட்கள் பாலத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"பாலம் வரைக்கும் சொர்க்கம். அப்புறம் நரகம்." "அந்த மண்வெட்டியாலயே செஞ்சவனுக்கு ஒரு குழி வெட்டணும்." "படம் அழகு, ஆட்டம் அசிங்கம்." "ஆடறவங்களைக் கேவலப்படுத்தறதுக்குன்னே செஞ்சிருக்கான்." தெரியாத பாஷையில் வந்ததை போனில் மாற்றிப் படித்தார். எந்த பாஷையிலும் திட்டு திட்டாகத்தான் இருந்தது. எல்லாரும் ஒரே குரலில் பாராட்டியது ஒன்றைத்தான். "பூதத்தோட மூச்சைக் கேட்டா முதுகு சில்லிடுது." அதை மட்டும் எனக்காகச் சத்தமாகப் படித்தார். ஊர் உலகமெல்லாம் காறித் துப்பியதில் தப்பித்தது என் குறட்டை ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் திரை ஒன்றில் அந்தப் பாலத்தின் படம் எப்போதும் திறந்திருக்கும். இந்த டெமோ இவர்களுடைய மெஷினோடு பேசிக்கொண்டேதான் ஓடுமாம். யாராவது ஆடிக்கொண்டிருந்தால் அங்கே ஒரு பச்சைப் புள்ளி நகரும். விழுந்தால், விழுந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. இரண்டாம் நாள் காலையில் எழுந்து பார்த்தேன். பாலமே தெரியவில்லை. சர்க்கரை சிந்திய இடத்தில் செவ்வெறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், அந்தப் பெண்ணின் தம்பி இருக்கிற ஊரில், புள்ளிகளே இல்லை. தெருக்கள் அப்படியே காலியாகக் கிடந்தன. அந்தத் தெருக்களை வரைந்த பெண் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, நகத்தைக் கடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திட்டிய ஒவ்வொருவருக்கும் மாப்பிள்ளை பதில் எழுதினார். உங்கள் நேரத்துக்கு நன்றி, கவனிக்கிறோம். அவருடைய அம்மாவை இழுத்துத் திட்டியவனுக்கும் அதே பதில். எனக்குப் பொறுக்கவில்லை.

"பெத்தவளைத் திட்டினவனுக்கு எதுக்கு மாப்பிள்ளை நன்றி?"

"ஆடிப் பாத்துட்டுத் திட்டறான் இல்ல அத்தை. ஆடாமலே திட்டறவனுக்கு நான் எழுதறதில்ல."

என் மகள் கண் ஆஸ்பத்திரியில் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறாள். நாள் முழுக்க முணுமுணுப்புக் கேட்டுவிட்டு வருகிறவள், வீட்டிலும் அதையே கேட்டால்? "பூதத்தோட பலத்தைக் குறைச்சுத் தொலைங்களேன்" என்றாள்.

"குறைச்சா அது பூதம் இல்ல. வாட்ச்மேன்."

"வாட்ச்மேனாவே இருக்கட்டும். உள்ள விடுவான் இல்ல?"

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் பக்கம் போனார். இடது கையில் டீ டம்ளர். உட்காரக்கூட இல்லை. குனிந்து வலது கையால் மட்டும் நாலு பொத்தானைத் தட்டினார். அந்தப் பெண் ஓடினாள், குதித்தாள், வெட்டினாள். பூதம் சரிந்தது. டீ ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "பாரு. ஒரு கையால முடியுது."

"உங்களுக்கு அது நீங்க வளத்த நாய். வாலை ஆட்டும். ஊரான் வந்தா கடிக்காதா?"

அந்த வாரம் இரண்டு பேருக்கும் பேச்சு அதோடு நின்றது. நடுவில் நான்தான் உப்பு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று தபால்காரி மாதிரி அலைந்தேன்.

மாப்பிள்ளைக்கு ஒரு தம்பி. வேறு நாட்டில் லாரி ஓட்டுகிறார். சின்ன வயதில் வீட்டில் ஒரே ஒரு கேம் பெட்டிதான் இருந்ததாம். அண்ணன் அதைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பாராம். டெமோ வந்து இத்தனை நாளாகியும் அந்தத் தம்பியிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. மாப்பிள்ளை போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நான் அன்னிக்கே ஆடிட்டேன்."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"என்னத்தைச் சொல்ல? இன்னும் பாலத்துலயேதான் கிடக்கேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

"நீயா? லீவுல வந்தப்ப தாண்டினியே."

"அப்ப நீ பின்னாடி நின்னே இல்ல? நீ 'இப்ப'ன்னு சொன்னே, நான் குதிச்சேன். இங்க யாரு சொல்றது? அது மூச்சை இழுக்குதா விடுதான்னே தெரியலண்ணா. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு."

"நான் சொன்னேனா?"

"என்னண்ணா, தெரியாத மாதிரி கேக்கறே? சின்ன வயசுலேருந்து நீதானே சொல்லுவே."

மாப்பிள்ளை திரும்பி என் மகளைப் பார்த்தார். "நான் சொல்லுவேனா?"

ஒரு வாரத்துக்குப் பிறகு இருவரும் பேசிய முதல் பேச்சு அது. மகள் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்குச் சொன்னீங்க. வேணும்னுதான் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

போனை வைத்துவிட்டு முன்னறைக்குப் போனார். பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். தண்ணீர் கேன்காரர் ஆடுகிறார், விழுகிறார், மறுபடி ஆடுகிறார். பூதத்தின் மூச்சு, அதாவது என் மூச்சு, கேட்கிறது. அதற்கு அடியில் மெல்ல, குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி ஒரு குரல். "இப்ப." அவர் தாண்டுகிறார். டீச்சரம்மா. மூச்சு. "இப்ப." என் மகள். "இப்ப, இப்ப." படம் வரைகிற பெண் ஆடியதும் இருந்தது. அதிலும் அதே குரல்தான். எல்லாவற்றையும் கேட்டு முடிக்கிறவரை அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. தன் குரலை அடையாளம் தெரியாதவர் மாதிரி காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார்.

மூன்று வாய் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த பூதத்துக்கு நான்காவதாக ஒரு வாய் இருந்திருக்கிறது. அதைக் கேமில் வைக்காமல் விட்டுவிட்டார்கள். அது எங்கள் வீட்டு முன்னறையில் சாம்பல் சட்டை போட்டுக்கொண்டு நின்றது.

மறுநாள் படம் வரைகிற பெண்ணிடம் சொன்னார். அவள் ஆச்சரியப்படவில்லை. "எனக்கும் சொன்னீங்க சார். உங்களுக்குத் தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு இருந்துட்டேன்" என்றாள். எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. எல்லாரும் இருந்துவிட்டார்கள். நானும் கூடத்தில் படுத்துக்கொண்டு கேட்டவள்தான். பூசாரி மந்திரம் சொல்கிற மாதிரி அவருக்கு ஏதோ ஒரு பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

அதன்பிறகு ராப்பகலாக வேலை. பூதம் மூச்சை இழுக்கும்போது விலா எலும்பு பிளந்து உள்ளே நெருப்பு தெரிகிற மாதிரி அந்தப் பெண் வரைந்தாள். சத்தக்காரர் இழுக்கிற மூச்சுக்கு முன்னால் கல் உரசுகிற ஓசை ஒன்றைச் சேர்த்தார். தண்ணீர் கேன்காரரை மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை அறையில் இருக்கவில்லை. வாசலுக்குப் போய், செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து கேன்காரர் கத்துகிற சத்தம் கேட்டதும்தான் நிமிர்ந்தார்.

திருத்தியதை மேலே ஏற்றினார்கள். திருத்திவிட்டோம், ஒருமுறை வந்து பாருங்கள் என்று திட்டிய ஒவ்வொருவருக்கும் எழுதினார். யார் வருவார்கள்? துப்பிவிட்டுப் போனவர்கள் துப்பிய இடத்துக்கா வருவார்கள்? அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலர் வந்தார்கள், தாண்டினார்கள். "இப்ப நல்லாத்தான் இருக்கு. ஆனா நாங்க எல்லாரும் வேற கேமுக்குப் போயிட்டோம்" என்று ஒருவர் எழுதினார். அதை மாப்பிள்ளை ஒரு தடவைதான் படித்தார்.

கம்பெனியிலிருந்து பேசியது ஒரு பெண். குரல் அவ்வளவு மரியாதை. மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு, "ம்... புரியுதுங்க... ம்" என்றார். வைத்துவிட்டு எங்களிடம் வந்து, ரயில் நிலையக் குரலிலேயே சொன்னார். "நிறுத்தச் சொல்லிட்டாங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள டெமோவையும் எடுத்துடணும்."

 

மறுநாள் காலையில் சத்தக்காரர் வரவில்லை. படம் வரைகிற பெண் வந்து தன் பேனாவையும் பலகையையும் ஒரு தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டாள். போகும்போது மாப்பிள்ளையிடம், "அந்த ஊரு நல்லா வந்திருந்துது, இல்ல சார்?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் படி இறங்குகிறவரை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

மகள் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டாள். சமைத்து முடித்து முன்னறை வாசலில் வந்து நின்றாள். "நேரமாச்சு. நிறுத்திட்டு வாங்க, சாப்பிடலாம்."

அவர் மவுசைப் பிடித்தார். அழுத்தவில்லை.

"இரு. ஒருத்தர் ஆடிக்கிட்டிருக்காங்க."

நானும் எட்டிப் பார்த்தேன். பாலத்துப் பக்கத்தில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி. எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ. நாங்கள் பார்க்கும்போதே சிவப்பாகிவிட்டது. கொஞ்சநேரத்தில் பாலத்தின் இந்த முனையில் மறுபடி பச்சை.

"நிறுத்தினா அவங்களுக்கும் நின்னுடுமா?" என்று கேட்டாள் மகள்.

"திரையே அணைஞ்சுடும்."

மேசைமேல் போன் அடித்தது. கம்பெனிதான். மகள் உள்ளே வந்து, போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். மறுபடியும் ஒரு சிவப்பு. பழைய எறும்புகளுக்கு நடுவில் புதிதாக ஒன்று. பச்சை திரும்ப வந்து பாலத்தில் ஏறியது.

"மாப்பிள்ளை, பாவம், யாரோ கிடந்து அல்லாடறாங்க. எப்ப குதிக்கணும்னு இங்கேருந்து எழுதி அனுப்ப முடியாதா?" என்றேன்.

"முடியும் அத்தை" என்று விசைகளின் மேல் கைகளை வைத்தார்.

பச்சைப் புள்ளி பாலத்தின் நடுவில் பூதத்துக்கு எதிரே போய் நின்றது. அவர் விசைகளின் மேலிருந்த இரண்டு கைகளையும் எடுத்தார். அவற்றைத் தொடைகளுக்கு அடியில் வைத்து, அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.